மாடியறையில் குடியிருப்பவர் மனிதர்தானா என்று ஒரு சந்தேகம்

நங்கநல்லூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நகைப்புக்கு இடமான கேள்வி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சிரித்து முடித்தபின் பதில் சொன்னால் போதும். நான் அரசுக் கணக்குத் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சந்தேகப்படுவதுதான் என் வேலையாக இருந்தது என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

கீழ்வீட்டில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். மாடியில் குளியலறையோடு கூடிய ஒற்றை அறை ஒன்று இருக்கிறது. அதில் இதற்குமுன் மூவர் குடியிருந்தார்கள். முதலாமவர் குழாயைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போனவர். இரண்டாமவர் மூன்று மாத வாடகையோடு காணாமற் போனவர். மூன்றாமவர் நள்ளிரவில் மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியில் சண்டை போட்டவர். எட்டு மாதங்களுக்கு முன் வந்த இந்த இளைஞரிடம் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

மாதம் பிறந்தால் முதல் தேதி காலை ஏழு மணிக்கு வாடகை என் கணக்குக்கு வந்துவிடும். உடனே, "வாடகை செலுத்தப்பட்டது ஐயா. நன்றி" என்று ஒரு குறுஞ்செய்தி வரும், எட்டு மாதமும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பொங்கலன்று என் மனைவி ஒரு சம்படத்தில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலை சம்படம் துலக்கப்பட்டு, வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்னும் பழைய வழக்கப்படி உள்ளே இரண்டு வாழைப்பழங்களோடு வந்தது. அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் அதன்பிறகு எதைக் கொடுத்தாலும் இரண்டே பழங்கள்தாம் வருகின்றன. ஒன்றும் இல்லை, மூன்றும் இல்லை.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பேசுவது பேச்சுத் தமிழே அல்ல. "வெளியே சென்று வருகிறேன் ஐயா, கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள்" என்பார். ரயில் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொல்லும் குரல் நம் வீட்டு வாசலில் நின்று பேசினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். "சாப்பாடு ஆச்சா?" என்று நான் கேட்டால், "ஆயிற்று ஐயா, தாங்கள் உண்டீர்களா?" என்று கேள்வியைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிடுவார்.

ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். 2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறிய கதையை வெவ்வேறு நாட்களில் மூன்று முறை, ஒரு சொல் மாறாமல் அவரிடம் சொன்னேன். மூன்று முறையும் முதன்முறை கேட்பவரைப் போலக் கேட்டு, மூன்று முறையும் அதே இடத்தில் "பிறகு என்ன ஆயிற்று ஐயா?" என்றார். என் சொந்தப் பிள்ளைகள் இரண்டாம் முறையே எழுந்து போய்விடுவார்கள்.

கடைசியாக ஒன்று. இரவு பத்தரைக்கு மேல் அவருடைய அறையிலிருந்து மெல்லிய, சீரான ஓசை ஒன்று கேட்கிறது. மின்விசிறியின் ஓசை அன்று. மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறது; ஆனால் எந்த மனிதனும் அவ்வளவு ஒழுங்காக மூச்சு விட மாட்டான். காலை ஆறு மணிக்குச் சட்டென்று நின்றுவிடுகிறது.

அவர் மனிதரா, ரோபோவா? அவர் மனம் நோகாமல் இதை எப்படித் தெரிந்துகொள்வது?

கோவை மின்னாளன்:

மனம் நோகாமல் தெரிந்துகொள்ள எளிய வழி மின்சாரம்தான். மாடிக்குத் தனியாக சப் மீட்டர் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் அளவைக் குறித்து எழுதுங்கள். இரண்டு மாத மொத்தத்தையும் சொல்லுங்கள். மீட்டர் மரியாதைக்காகப் பொய் சொல்லாது.

நங்கநல்லூர்க்காரன்:

இருக்கிறது. நேற்றிரவு 1147.2, இன்று காலை 1148.1. சென்ற இரண்டு மாதக் கணக்கு 110 யூனிட். மின்விசிறி பழையது, 75 வாட். அறையில் குளிர்சாதனம் கிடையாது.

கோவை மின்னாளன்:

நன்றி. கணக்கைப் பார்ப்போம். எட்டு மணி நேரத்தில் மின்விசிறி 0.6 யூனிட் எடுக்கும். மீதி 0.3 யூனிட். கைப்பேசிக்கு மின்னேற்ற 0.02 யூனிட் போதும். ஆக, இரவு முழுவதும் 35 வாட் அளவில் ஏதோ ஒன்று நிற்காமல் ஓடுகிறது என்பது உண்மை. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

ஆனால் அது ரோபோவுக்கான மின்னேற்றம் ஆகாது. மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 கிலோ கலோரி செலவழிக்கிறது. அதை மின்கணக்கில் சொன்னால் 2.3 யூனிட். உங்கள் மாடியறையோ விளக்கு, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் சேர்த்தே நாளுக்கு 1.8 யூனிட்தான் எடுக்கிறது. மனிதன் செய்யும் வேலையெல்லாம் செய்துகொண்டு, மனிதனைவிடச் சிக்கனமாக நாள் முழுவதும் நடமாடும் ரோபோவை எவரும் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒசாகாவாசி:

அலுவலகத்தில் மின்னேற்றிக்கொண்டு வரலாமே, மின்னாளரே!

கோவை மின்னாளன்:

வரலாம், வீடு வந்து சேர முடிந்தால். யூனிட்ரீ நிறுவனம் 2024-இல் 16,000 டாலர் என்று விலை அறிவித்த ஜி1 என்னும் மனித உருவ ரோபோ, ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அதன் உயரமும் 130 சென்டிமீட்டர் அளவுதான். நம் ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். மாலை நேர மெட்ரோவில் இடிபட்டு வந்து, மாடிப்படியும் ஏறி, அதற்குமேல் வெள்ளக் கதையையும் நின்று கேட்க அதனிடம் மின்சாரம் மிஞ்சாது.

ஒசாகாவாசி:

விளையாட்டுக்காகத்தான் கேட்டேன். ஜப்பானில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகள் சொல்கிறேன். ஒசாகா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹிரோஷி இஷிகுரோ 2006-இல் தம்மையே அச்சில் வார்த்ததுபோல ஒரு ரோபோவைச் செய்தார். தோல், முடி, கண்ணிமை எல்லாம் அவரைப் போலவே இருக்கும். ஆனால் அது நாற்காலியை விட்டு எழுந்து நடக்காது; முகம் அசைவது அழுத்தமூட்டிய காற்றால்; பேசுவதோ வேறோர் அறையில் இருக்கும் மனிதர். உங்கள் குடித்தனக்காரர் நடக்கிறார், சம்படமும் துலக்குகிறார்.

இன்னொன்று விடுதி பற்றியது. நாகசாகி மாகாணத்தில் 2015-இல் ஒரு விடுதி ரோபோக்களையே பணியாளர்களாக வைத்துத் திறக்கப்பட்டது. அறைதோறும் ஒரு சிறு பொம்மை ரோபோ உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லும். விருந்தினர் குறட்டை விட்டால் அதையும் கேள்வியாக எடுத்துக்கொண்டு, "மன்னிக்கவும், தாங்கள் சொன்னது புரியவில்லை" என்று நள்ளிரவில் அவரைத் தட்டி எழுப்பியதாம். 2019-இல் அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையிலிருந்து நீக்கப்பட்டன. ரோபோவின் மரியாதை அப்படித்தான் இருக்கும்: எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. உங்கள் ஆள் இரவில் உங்களை ஒருமுறையாவது எழுப்பியிருக்கிறாரா?

நங்கநல்லூர்க்காரன்:

இல்லை. ஆனாலும் கேள்வியைத் திருப்பிக் கொடுக்கும் அந்தப் பழக்கத்துக்கு விளக்கம் கிடைக்கவில்லையே. அவர் அலுவலகம் போன நேரத்தில் மாற்றுச் சாவியால் அறையைத் திறந்து, அந்த ஓசை எதிலிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாமா என்று யோசிக்கிறேன்.

மட்டுறுத்துநர்:

வேண்டாம் ஐயா. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுத்தான் உரிமையாளர் குடியிருப்பவரின் இடத்துக்குள் நுழைய வேண்டும். "தாங்கள் ரோபோவா என்று பார்க்க நாளை வருகிறேன்" என்று எழுதிக் கொடுக்க நீங்கள் ஆயத்தமா? அவருடைய பெயர், அலுவலகம், படம் எதையும் இங்கே பதியவும் வேண்டாம்.

ஒசாகாவாசி:

திருப்பிக் கேட்பதில் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் எலிசா என்ற நிரலை வெளியிட்டார். "என் அம்மா நினைவாக இருக்கிறது" என்று தட்டினால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள்" என்னும். அதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது. அது உருவாவதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது நேரம் உரையாடியபின், "நீங்கள் சற்று வெளியே இருங்கள்" என்று அவரை அறையைவிட்டு அனுப்பினாராம். கேட்பதற்கு ஒருவர் இருந்தால் நாம் சொல்லிக்கொண்டே போவோம். வெள்ளக் கதையை மூன்று முறை சொன்னது யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வாடகைக்குருவி:

நான்கு நாட்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத வேண்டாம் என்றே இருந்தேன். ஐயா, ஒரே ஒரு கேள்வி. அறையை வாடகைக்கு விடும்போது நிபந்தனைகள் ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா?

நங்கநல்லூர்க்காரன்:

கொடுத்தேன். முன்னால் இருந்த மூவரிடமும் பட்ட பாட்டுக்குப் பிறகு எழுதாமல் எப்படி இருக்க முடியும்? தட்டச்சு செய்து கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். பதினொன்று. இரவு பத்துக்கு மேல் தண்ணீர்க் குழாய் திறக்கக் கூடாது. அசைவம் சமைக்கக் கூடாது. விருந்தினர் இரவு தங்கக் கூடாது. மாடிப்படியில் செருப்போடு ஏறக் கூடாது. உரத்துப் பேசக் கூடாது. வாடகை முதல் தேதிக்குள் வந்துவிட வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மொட்டைமாடியில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் துணி உலர்த்தக் கூடாது. எஞ்சியவையும் இப்படிப்பட்ட சாதாரண விஷயங்கள்தாம்.

வாடகைக்குருவி:

அப்படியானால் ரோபோவைச் செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. நிரலைப் பதினொரு வரிகளில் நீங்களே எழுதி, கதவில் ஒட்டியும் விட்டீர்கள். அதை ஒருவர் ஒரு வரிகூடத் தவறாமல் நடத்திக் காட்டினால், மனிதர்தானா என்று எட்டாம் மாதம் சந்தேகம் வருகிறது.

கோபத்தில் எழுதுவதாக எண்ண வேண்டாம். சென்னையில் ஒன்பது ஆண்டுகளில் ஏழு வீடு மாறியவன் நான். திருமணமாகாதவன் என்றதும் பாதிக் கதவுகள் மூடும். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்குப் பிறகு மீதியில் பாதி மூடும். மூன்றாவது வீட்டில் இரவு ஒன்பது நாற்பதுக்குக் குக்கர் விசில் அடித்தது என்பதற்காக மாதக் கடைசியில் காலி செய்யச் சொன்னார்கள். அன்றிலிருந்து இரவில் குக்கர் வைப்பதில்லை. சோற்றைத் திறந்த பாத்திரத்தில் வடிக்கிறேன். வாளியில் தண்ணீர் விழும் ஓசை கீழே கேட்காமலிருக்கக் குழாயின் வாயில் ஒரு பழைய துண்டைக் கட்டி, அதன் நுனி வாளியின் அடியைத் தொடும்படி விட்டிருக்கிறேன். தண்ணீர் துணி வழியாகவே இறங்கிவிடும், ஓசையே வராது. நாற்காலியின் நான்கு கால்களுக்கும் பழைய காலுறை மாட்டியிருக்கிறேன். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவேன். என் இப்போதைய வீட்டுக்காரரும், "தம்பி இருக்கிற இடமே தெரியாது" என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். எனக்கு அது பெருமையாக இல்லை.

உங்கள் வெள்ளக் கதையை மூன்றாம் முறை அவர் அப்படிக் கேட்டதற்கும் காரணம் சொல்லட்டுமா? "முன்பே சொல்லிவிட்டீர்கள்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லக் குடியிருப்பவனுக்குத் துணிவு வராது.

செந்தமிழில் பேசுவதும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஊர்ப் பேச்சு வாயில் வந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் மற்றக் கேள்விகள் பின்னாலேயே வரும்.

ஒசாகாவாசி:

இதற்குமேல் நான் என்ன சொல்ல? ஒரு சொல்வரலாறு மட்டும். ரோபோ என்ற பெயர் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. பண்ணையடிமைகள் செய்த வேலை.

திண்ணைப் புலவர்:

தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், சற்றுத் தாமதமாக வருகிறேன். மரப்பாவை என்னும் உவமையை வள்ளுவர் இரண்டு இடங்களில் எடுத்தாள்கிறார். நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், உள்ளத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல மயக்குவதற்கு ஒப்பு என்கிறார். இது எல்லோரும் மேடையில் சொல்வது. மற்றொன்று இரவு (அதாவது இரத்தல், யாசித்தல்) அதிகாரத்தில், 1058-ஆம் குறளில் வருகிறது. அதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கே முழுதாகப் பிடிபட்டதில்லை. இரப்பவர் இல்லாவிட்டால் இவ்வுலகத்தின் இயக்கம் மரப்பாவை போய் வருவதைப் போன்றது என்கிறார். கேட்பவன் ஒருவன் இருந்தால்தான் கொடுப்பவனுக்கும் உயிர் இருக்கிறது என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள்.

நங்கநல்லூர் ஐயாவைக் கேட்கிறேன். இந்த எட்டு மாதங்களில் அந்தப் பிள்ளை உங்களிடம் ஏதாவது கேட்டதுண்டா? ஒரு கரண்டி சர்க்கரை, பழைய செய்தித்தாள், ஏணி, ஊசி நூல், எதுவாயினும்?

நங்கநல்லூர்க்காரன்:

இல்லை. என் மனைவியிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூட இல்லை.

திண்ணைப் புலவர்:

உங்களை உறுத்துவது அதுவாக இருக்கலாம். அவர் மரியாதையைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். ஒவ்வொன்றிலும் நீங்கள் கொடுத்தது உடனே திரும்பி வந்துவிடுகிறது: சம்படத்துக்கு இரண்டு பழம், கேள்விக்குக் கேள்வி. கடன்பட்டுவிடக் கூடாது என்று அஞ்சுகிறவருடைய கணக்கு அது. கணக்குத் துறைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

போகிறபோக்கில் இன்னொன்று: உங்கள் பதிவுகளிலும் ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லை. இங்கே யாரும் உங்களைச் சந்தேகப்படவில்லை.

மதுரைச் செவிலி:

அந்த ஓசையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரவு பத்தரைக்குத் தொடங்கும், மூச்சைப்போல ஏறி இறங்கும், காலையில் நிற்கும், 35 வாட் அளவில் மின்சாரம் எடுக்கும். எங்கள் மருத்துவமனையில் இதை தினமும் கேட்கிறேன். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்குக் கொடுக்கும் சீபேப் கருவியாக இருக்கலாம். முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்தமாக அனுப்பித் தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். பருமனானவர்களுக்குத்தான் இது வரும் என்பதில்லை. ஒல்லியான இளைஞர்களுக்கும் வருவதுண்டு. நீங்களாகப் போய் அவரிடம் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரவில் மின்தடை வந்தால் கருவி நின்றுவிடும். கீழே இன்வெர்ட்டர் இருந்தால், மாடிக்கும் ஓர் இணைப்புக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

நங்கநல்லூர்க்காரன்:

ஒரு வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இணைப்புக்காக மின்பணியாளர் வந்தபோது, அந்த இளைஞரும் வீட்டில் இருந்தார். முறைப்படி முந்தைய நாளே எழுதித் தெரிவித்துவிட்டுத்தான் மாடிக்குப் போனேன் என்பதை மட்டுறுத்துநருக்குச் சொல்லிக்கொள்கிறேன். இணைப்பு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கட்டிலுக்கு அருகே துணி போர்த்தி வைத்திருந்த பெட்டியை நானும் பார்க்கவில்லை.

நான் பார்த்தது வேறொன்று. ஆண்டுத் தொடக்கத்தில் நாங்கள் கொடுத்த தினசரி நாட்காட்டி சன்னல் கம்பியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. காற்றில் விழாமலிருக்க ஒரு சணல் கயிற்றால் கம்பியோடு கட்டியிருந்தார். அன்றைய தாள்வரை கிழித்திருந்தார்; கிழித்த தாள்களையும் எறியவில்லை, பின்பக்கம் ஏதோ கணக்கு எழுதி அடுக்கி வைத்திருந்தார். எதிர்ச்சுவரில் நாட்காட்டி மாட்டுவதற்கென்றே அமைந்தாற்போல இடம் காலியாக இருந்தது. ஏழாவது நிபந்தனை.

கீழே போய்ச் சுத்தியலும் இரண்டு அங்குல ஆணியும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். "பரவாயில்லை ஐயா, இப்படியே இருக்கட்டும்" என்றார். அடியுங்கள் என்றேன். அவர் ஆணி பிடித்த விதத்தைப் பார்த்தபோதே வாழ்நாளில் சுத்தியல் தொட்டதில்லை என்று தெரிந்தது. முதல் அடியில் ஆணி வளைந்தது. இரண்டாம் அடியில் இட்லி அளவு பூச்சுப் பெயர்ந்து தரையில் விழுந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் பேசாமல் இன்னோர் ஆணியை நீட்டினேன். மூன்றாம் அடி கட்டைவிரலில் விழுந்தது.

"யம்மோ, எனக்க வெரலு போச்சே!"

கீழே இருந்த என் மனைவிக்கே கேட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த 'எனக்க'வை எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும். அவளும் பதறிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டாள். அவர் விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு, செந்தமிழையெல்லாம் எங்கோ விட்டுவிட்டு அவளைப் பார்த்து, "இத்திரி ஐஸ் கிட்டுமா அம்மா?" என்றார்.

கொடுத்தோம். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை. நான்கு நாட்களாகின்றன.

கோவை மின்னாளன்:

விரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே? ஆணி அடிக்கும்முன் அந்தச் சுவருக்குள் மின்கம்பி ஓடுகிறதா என்று பார்த்தீர்களா, ஐயா? சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ அடிக்கவே கூடாது. பன்னிரண்டாவது நிபந்தனையாகச் சேர்க்காதீர்கள். வாயால் சொல்லி வையுங்கள்.